ஒட்டிய ஜன்னல்

பள்ளிக்கூட நர்ஸ் போட்ட டிபி சோதனை ஊசி, மூன்றாம் நாள் இலிங்காவின் முன்கையில் வீங்கி நின்றது. போன வருஷம் இதே ஊசிக்கு ஒரு பயறு அளவுக்குத் தடித்துவிட்டு அமுங்கிப் போயிருந்தது. இந்த வருஷமோ, அரை வால்நட் பருப்பைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்த மாதிரிச் சிவந்து புடைத்திருந்தது. நர்ஸ் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"டிபிக் கிருமி பிள்ள உடம்புக்குள்ள நுழைஞ்சிருக்கு அக்ஸீனியா. டவுன்ல மார்பு டாக்டரம்மாகிட்ட காட்டிரு. வீட்ல யாரு இருமுறது?"

அக்ஸீனியாவுக்கு யோசிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. அவள் புருஷன் பந்தெலெய் மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திராட்சை அறுப்புக்குத்தான் ஊர் திரும்பியிருந்தான். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு ஆண்களைப் பருத்தி மூட்டை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். காலையில் கொல்லைப் படியில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்து அவன் இருமினால் மூன்றாம் வீட்டு நாய் பதில் சொல்லும். இவன் கொண்டுவந்ததுதான். வேறு யார் கொண்டுவர முடியும்?

கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கி, மடாலயம் மடாலயமாக மெழுகுவர்த்தி ஏற்றிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை இலிங்கா. 'எலும்புருக்கி' என்று கிழடுகள் தணிந்த குரலில் சொல்லும் அந்தப் பேர் நெஞ்சில் வந்ததுமே அக்ஸீனியா பிள்ளையின் கையை இறுகப் பற்றினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரை பிள்ளையை இழுத்துக்கொண்டு பனியில் ஓடியே வந்தாள். வந்த வேகத்தில் புருஷனின் தலையணையையும் போர்வையையும் சுருட்டி விருந்தறைக்குள் எறிந்தாள். சீதனக் கம்பளங்கள் சுவரில் தொங்க, ஈஸ்டருக்கும் சாவுக்கும் மட்டும் திறக்கிற அறை அது. அடுப்புச் சூடு அங்கே எட்டாது.

"இனி உனக்கு அங்கதான் படுக்கை. இந்தா உன் குவளை, கைப்பிடில சிவப்பு நூல் கட்டியிருக்கேன். வேற எதையும் தொடாதே. பிள்ளைய ஏறிட்டும் பாக்காதே."

"அடியே, எங்கப்பன் செத்ததும் கிடத்துன ரூமுடி அது."

"அப்ப பழகுன ரூம்தானே. போ."

பந்தெலெய் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. மகளின் கையை ஒருதரம் பார்த்தான், குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டான், போய்விட்டான். டாக்டரம்மா அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தாள். அதுவரை அவன் மமலிகாச் சோளக்களியும் ஆட்டுப்பால் கட்டியும் விருந்தறை வாசற்படிக்குத்தான் போயிற்று. தட்டை அவள் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவாள். எடுத்து வந்த தட்டைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவுவாள்.

எங்கள் கிராமமான லிபோவெனியில் பனி விழ ஆரம்பித்தால் ஆண்களுக்கு வேலை இல்லை, பெண்களுக்கு வால்நட். வியாபாரி மூட்டைகளை அக்ஸீனியாவின் வீட்டில் இறக்குவான். அடுப்பு இருக்கிற அறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு மரக்கட்டையும் சின்னச் சுத்தியலுமாக வட்டம் போட்டு உட்காருவார்கள். கொட்டையைக் கூர்முனையில் நிறுத்தி, மூட்டுவாயில் பட்டும் படாமலும் ஒரு தட்டு. தட்டு சரியாக விழுந்தால் பருப்பு இரண்டு சிறகும் சிதறாமல் முழுசாக வரும். அதற்குப் பட்டாம்பூச்சி என்று பேர். தப்பாக விழுந்தால் நொறுங்கல். வியாபாரி முகத்தைச் சுளிப்பான். ஓடு அடுப்புக்குள் போகும். அறை கணகணவென்று இருக்கும். பருப்பைச் சுற்றியிருக்கும் தோலும் சவ்வும் உதிர்ந்து பழுப்புத் தூசியாகப் பறக்கும். எல்லார் விரலும் கறுப்பு, எல்லார் தொண்டையிலும் கரகரப்பு.

ஜன்னல் மட்டும் திறக்கக் கூடாது. இலையுதிர்காலம் முடியும் முன்பே அக்ஸீனியா மாவுப்பசை காய்ச்சி, பழைய வெள்ளைத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, ஜன்னல் விளிம்பெல்லாம் ஒட்டிவிடுவாள். காற்றுக்கென்று மேலே இருக்கிற சின்னக் கதவிலும் பஞ்சு அடைத்துவிடுவாள். ஈஸ்டருக்குத்தான் பிரிப்பது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஓநாய் பயம் இல்லை, பேய் பயம் இல்லை, ஊதக்காற்றுப் பயம்தான். பல் வலித்தால் ஊதக்காற்று, பிடரி பிடித்தால் ஊதக்காற்று, மாமியாருக்கு வாய் கோணினாலும் ஊதக்காற்று. அதிலும் அக்ஸீனியா ஊதக்காற்றுக்கு ஜென்மப் பகையாளி. யாராவது கதவை ஒரு நொடி கூடுதலாகத் திறந்து வைத்தால் போதும். "உன் வீட்டுக் கதவு தொழுவத்துலயா கெடக்கு? சாத்துடி!" என்று கத்துவாள்.

பந்தெலெயின் அக்கா ப்ரொஃபீராவும் அந்த வட்டத்தில் ஒருத்தி. தம்பியை விருந்தறையில் போட்ட சேதி தெரிந்த அன்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏண்டி அக்ஸீனியா, எந்தம்பி என்ன பொணமா?"

"பிள்ளைய விட உந்தம்பி பெருசா மதினி?"

"குளிர்ல விறைச்சு அவன் செத்தான்னா, டிபில செத்தான்னு ஊருக்குச் சொல்லிரு. வசதியாப் போயிரும்."

"வாயைக் கழுவு மதினி. நான் என்ன ஆசைப்பட்டா செய்யுறேன்? எம்பிள்ள கையைப் பாத்தியா நீ?"

லியூபா என்ற எதிர்வீட்டுக்காரி குறுக்கே விழுந்தாள். "எம்மாமியாரோட அண்ணனுக்கும் இப்படித்தான். சைபீரியாலருந்து வந்தாரு. வளைக்கரடிக் கொழுப்புலதான் பொழைச்சாரு."

"அதைத்தான் கொண்டாந்திருக்கேன்," என்று ப்ரொஃபீரா தன் மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். வேட்டைக்காரன் ஒருவனிடம் கெஞ்சி வாங்கியது. அன்று மத்தியானம் அதைத் தேனில் குழைத்து, பொங்கிய பாலில் போட்டு, தம்பி வாயில் அவளே ஊற்றினாள். பந்தெலெய் கண்ணில் நீர் முட்ட விழுங்கினான்.

"இதைக் குடிச்சுப் பொழைக்கறதுக்கு அந்த நோயே தேவலாம்க்கா."

"பேசாத. உள்ள போயி நெஞ்சுல நெய் தடவுன மாதிரி வழுக்கிரும்."

இலிங்காவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அப்பா வந்து இத்தனை நாளில் இப்போதுதான் அவனோடு ஒட்டியிருந்தாள். விருந்தறைக் கதவுக்கு வெளியே நின்று சாவித்துவாரத்தில் கண்ணை வைப்பாள். அக்ஸீனியா பார்த்துவிட்டால் பாய்ந்து போய்த் தூக்கி வந்துவிடுவாள்.

"அந்தப் பக்கம் போகாதேன்னு எத்தனை தரம் சொல்றது? இங்க வா. எம்மடில உக்காரு. பட்டாம்பூச்சியெல்லாம் தனியாப் பொறுக்கு."

பிள்ளை மடியில் உட்கார்ந்து பருப்பைப் பிரிக்கும். அதன் உச்சந்தலையில் முகவாயை வைத்துக்கொண்டு அக்ஸீனியா கொட்டையைத் தட்டுவாள், நடுவில் முகத்தைத் திருப்பி இருமுவாள், மறுபடி தட்டுவாள். இங்கேயாவது பிள்ளை பத்திரமாக இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

ஆனாலும் ஒரு இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. அடுப்புக்கும் மூட்டைக்கும் வாசலுக்கும் அலைந்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரியில் வேர்த்து எழுந்தாள். அடுப்பில் ஓடு அதிகம் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். இந்தக் குளிர்காலம் பாவாடை நாடாவை இன்னும் இறுக்க வேண்டியிருந்தது. ஓடுகிற ஓட்டத்துக்கு எந்தச் சதை நிற்கும்?

டவுனுக்குப் போகிற நாளும் வந்தது. மூட்டையை ப்ரொஃபீராவிடம் ஒப்படைத்து, ஜன்னல் பத்திரம் என்று சொல்லிவிட்டு, மூன்று பேரும் வேனில் ஏறினார்கள். பந்தெலெயைக் கடைசி இருக்கைக்கு விரட்டிவிட்டு, அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

டாக்டர் காராமன் அம்மாளின் அறையில் வெளியே பனி கொட்டக் கொட்ட ஜன்னல் திறந்து கிடந்தது. அக்ஸீனியா வணக்கம் கூடச் சொல்லவில்லை, நேராக அதைச் சாத்தப் போனாள்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் டாக்டரம்மா, முகமூடிக்குள்ளிருந்து. ஆடு மேய்க்கிறவர்கள் போடுகிற தோல் கோட்டை வெள்ளைக் கோட்டுக்கு மேல் போட்டிருந்தாள்.

"பிள்ளைக்கு ஊதக்காத்து..."

"ஊதக்காத்துல யாரும் இங்க வந்து படுத்ததில்ல. உக்காருங்க."

அன்று காலையிலேயே இலிங்காவையும் பந்தெலெயையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பந்தெலெயைக் கொல்லைப் பக்கம் அனுப்பி, ஆழமாக இருமி ஒரு டப்பாவில் சளி துப்பச் சொன்னார்கள். அதை ஒரு மெஷினில் வைத்தார்கள். மெஷின் முடிவு சொன்ன பிறகு டாக்டரம்மா மூவரையும் கூப்பிட்டாள். முதலில் இலிங்காவின் கையைப் பிடித்து வீக்கத்தைத் தடவினாள்.

"இது நோய் இல்லம்மா. இவ உடம்புக்குள்ள ஒரு திருடன் வந்திருக்கான். உடம்பு அவனைப் பாத்து வச்சுக்கிட்டிருக்கு. நாங்க ஊசில போட்டது கிருமி இல்ல, அவனோட பழைய சட்டை மாதிரி. அந்த வாடை பட்டதும் ரத்தத்துல இருக்கற காவல்காரனுங்க எல்லாம் கம்பைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டானுங்க. அந்தக் கூட்டம்தான் இந்த வீக்கம்."

"அப்ப எம்பிள்ளைக்கு..."

"படம் சுத்தமா இருக்கு. திருடனைப் பிடிச்சு, சுத்திச் சுவர் எழுப்பி அடைச்சு வச்சிருக்கா உங்க மக. கெட்டிக்காரிதான். ஆனா சின்னப்பிள்ள கட்டுன சுவர், அதை நம்பி விட்டுற முடியாது. மாத்திரை தர்றேன், உள்ளயே வச்சு அவனை முடிச்சிரலாம்."

அக்ஸீனியா கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "சாமி காப்பாத்துச்சு. இவர் கொண்டாந்ததை..."

"இவர் கொண்டாரல. இவருக்குப் படமும் சுத்தம், சளியும் சுத்தம். சிகரெட்டை விட்டாருன்னா இருமலும் போயிரும்."

பந்தெலெய் தன் குல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்ஸீனியா எழுந்துவிட்டாள்.

"அதெப்படி? மாஸ்கோல தகரக் கொட்டகைல கெடந்த ஆளு! உங்க மெஷின்தான் கெட்டுப்போயிருக்கும். நல்லாப் பாருங்க டாக்டரம்மா, இவர் இல்லன்னா வேற யாரு? காத்துல இருந்தா குதிச்சு வந்துச்சு? எம்பிள்ள..." பேச்சு இருமலில் மாட்டிக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். இருமி முடிக்கிறவரை டாக்டரம்மா காத்திருந்தாள். அவள் இப்போது பந்தெலெயைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு இது எப்பருந்து?"

"இதா? இது கொட்டைத் தூசி. எங்க ரூம்ல எல்லாருந்தான் இருமுவோம்."

பந்தெலெய் முதல் தடவையாக வாயைத் திறந்தான். கோபமே இல்லாமல் மெதுவாகத்தான் சொன்னான்.

"கோடையில போன் பேசுறப்பவும் இருமுனியே. கோடையில ஏதுடி கொட்டை?"

அக்ஸீனியா அவனை அடித்துவிடுகிற மாதிரி திரும்பினாள். டாக்டரம்மா மேசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

அவளையும் படம் எடுத்தார்கள். மெஷின் வேலை செய்கிற நேரம் முழுக்க அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். பெஞ்சில் பந்தெலெயும் இலிங்காவும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். சேர்ந்து உட்காரலாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. கூப்பிட்டபோது அவள் மட்டும் உள்ளே போனாள்.

"உங்களுக்குத்தான் அக்ஸீனியா. படத்துலயும் தெரியுது. ரொம்ப நாளா இருக்கு."

"மெஷின் தப்பாச் சொல்லாதா?"

"காலைல அதே மெஷின்தான் உங்க வீட்டுக்காரர் சுத்தம்னு சொல்லுச்சு. அப்பவும் தப்புன்னீங்க."

அவள் உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் நிற்காதவள், உட்கார்ந்தாலும் எழுகிற நினைப்போடு இருக்கிறவள், கல்லைப் போட்ட மாதிரி உட்கார்ந்தாள். அப்பனிடமிருந்து பிடுங்கிப் பிடுங்கிப் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது கண்ணில் வந்தது. அந்த உச்சந்தலையும், அதன்மேல் தன் மூச்சும். பாவி, நான் பாவி என்று நெஞ்சில் குத்திக்கொண்டாள்.

"குவளைய எல்லாம் தனியா வச்சேனே டாக்டரம்மா. நூல் கட்டி வச்சேனே."

"குவளைல என்ன இருக்கு? இது மூச்சுல வர்றது. அடைச்ச ரூம்ல சுத்திக்கிட்டே இருக்கும். ஜன்னலைத் திறந்து போட்டிருந்தா பாதி அப்பவே வெளிய போயிருக்கும்."

அக்ஸீனியா நிமிர்ந்து திறந்த ஜன்னலைப் பார்த்தாள். தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதீங்க. மாத்திரையை முழுசாத் தின்னா முழுசாக் குணமாகுற நோய் இது. நாளைக்கே இங்க வந்து படுத்துருங்க. மாத்திரை மாசக்கணக்குல உண்டு. நடுவுல உடம்பு தேறிருச்சுன்னு நிறுத்துனீங்கன்னா மிச்சக் கிருமி மருந்துக்கே பழகிரும். அப்புறம் நானும் ஒண்ணும் செய்ய முடியாது." டாக்டரம்மா ஒரு முகமூடியை அவள் கையில் கொடுத்தாள். "இன்னொண்ணு. உங்க ரூம்ல உக்காந்தவங்க எல்லாரும் இங்க வந்தாகணும். நர்ஸை அனுப்பட்டுமா? நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்," என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

வேன் விட்ட இடத்திலிருந்து வீட்டுக்கு நடந்தார்கள். எப்போதும் முன்னால் ஓடுகிறவள் முகமூடியோடு பின்னால், வேண்டுமென்றே தள்ளி வந்தாள். முன்னால் இலிங்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் பேசிக்கொண்டு போனாள். அக்ஸீனியாவுக்கு அதைப் பார்க்க வயிறும் குளிர்ந்தது, வயிறும் எரிந்தது. ஊருக்கு எப்படிச் சொல்வது? அந்த வட்டத்தில் பால் கொடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். லியூபாவின் மாமியார் படுக்கையில் கிடக்கிறாள். இனி எவள் இந்த வீட்டு வாசலை மிதிப்பாள்? எந்த வியாபாரி இவள் வீட்டில் மூட்டை இறக்குவான்?

முற்றத்தில் நின்றுவிட்டாள். உள்ளே போக மாட்டேன் என்று டாக்டரம்மாவுக்கும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லவில்லை; கால் போகவில்லை. உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது.

"மதினி!" என்று கூப்பிட்டாள். "எல்லாரும் வெளிய வாங்க!"

கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் முளைத்தன. ப்ரொஃபீரா காதில் கையை வைத்துக் கேட்கவில்லை என்றாள். அக்ஸீனியா ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். உள்ளே லியூபா சிரித்துக்கொண்டே வெள்ளை நாடாக்களைச் சுட்டிக்காட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு பிடரி வலி மாதிரி நடித்துக் காட்டினாள். யார் ஒட்டிய ஜன்னல் அது! அப்புறம் அவர்கள் முகமூடியைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. முகமூடி போட்டவள் நோய்க்குப் பயந்தவள் என்றுதான் எங்கள் ஊர்க் கணக்கு. எல்லார் பார்வையும் பந்தெலெய் மேல் போயிற்று. ப்ரொஃபீரா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். லியூபா கண்ணாடியைப் படபடவென்று தட்டி, இலிங்காவைக் காட்டி, அவன் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கு, பிடுங்கு என்று சைகை செய்தாள்.

பந்தெலெய் தலையைத் திருப்பாமல் சொன்னான். "விடு. அப்படியே நினைச்சுக்கட்டும்."

"என்னது?"

"எனக்குத்தான்னு இருக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு. நீ டவுன்ல எனக்குத் துணைக்கு இருக்கன்னு சொல்லிக்கலாம். மாஸ்கோக்காரனுக்கு வந்துச்சுன்னா ஊருல யாரும் அதிசயப்பட மாட்டாங்க. உனக்குன்னா உன்னை வச்சுப் பேசியே கொன்னுருவாளுங்க. வேலையும் போயிரும்."

அக்ஸீனியா அவனைப் பார்த்தாள். சாவு விழுந்த அறையில் விறைக்கப் போட்டாளே, அந்த மனுஷன்தான் பேசுகிறான். ஆசையாகத்தான் இருந்தது. பொய் ஏற்கனவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தானாகவே உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவள் வாயைத் திறக்காமல்தான் நின்றாள், கொஞ்ச நேரம்.

"பந்தெலெய், இந்தக் கொட்டை உடைக்கற ரூமுக்குள்ள நீ எத்தனை தரம் போயிருப்ப?"

"நீ எங்க விட்ட?"

"அதான். 'அவன் விருந்தறைல கெடந்தான், நம்ம பக்கமே வரல, நமக்கென்ன'ன்னு ஒருத்தியும் டவுனுக்குப் போக மாட்டா. இந்த ஜன்னலை இன்னும் கெட்டியா ஒட்டிக்கிட்டு உக்காந்துருவாளுங்க." அவள் ஜன்னலைக் கை காட்டினாள். "அந்தக் கைப்பிள்ளக்காரி, அவ பிள்ளைக்கு என் மூச்சைக் கொண்டுபோய்க் குடுப்பாய்யா. உள்ள போ. கத்தி வச்சிருக்கேல்ல? அறு அதை."

பந்தெலெய் கொடி நறுக்குகிற மடக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அறைக்குள் ஒரே களேபரம். "நீ உள்ள வராதடா தம்பி!" என்று ப்ரொஃபீராவின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. பெண்கள் கட்டையையும் கூடையையும் இழுத்துக்கொண்டு மூலைக்கு ஒதுங்கினார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நாடாக்களைக் கிழித்தான். காய்ந்த பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பஞ்சைப் பிடுங்கினான். ஜன்னல் இரண்டு குலுக்கலில் முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே அடைந்து கிடந்த சூடும், ஓட்டுப் புகையும், பருப்பு வாடையும் முற்றத்துக்கு வந்து அக்ஸீனியாவின் முகத்தில் அடித்தன. இவ்வளவு நாள் இதைத்தான் சுவாசித்தோமா என்றிருந்தது.

"ஐயோ, ஊதக்காத்து!" என்றாள் லியூபா.

"வாயை மூடிட்டுக் கேளுங்க," என்றாள் அக்ஸீனியா. முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு ஒண்ணுமில்ல. அவர் சுத்தம். இருமுனது நான்தான். கொட்டைத் தூசி இல்ல அது. எம்பிள்ளைக்குக் குடுத்தது நான். உங்களுக்கும் குடுத்திருப்பேன். எல்லாரும் டவுனுக்குப் போயி அந்த டப்பாவுல துப்பணும், படம் எடுக்கணும். பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போகணும். இதான். திட்டுறதுன்னா திட்டிக்கோங்க."

யாரும் திட்டவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பிள்ளைக்காரி சுத்தியலைப் போட்டுவிட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, முற்றத்து வழியே, அக்ஸீனியாவைச் சுற்றி அகலமாக ஒதுங்கி ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்னொருத்தியும் அவள் பின்னால் போனாள்.

ப்ரொஃபீரா ஜன்னலண்டை வந்து நின்றாள். இத்தனை நாளும் தம்பிக்காக எரிந்தவள் அவள். இப்போது தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். குத்திச் சொல்ல நாக்கு நுனியில் ஆயிரம் இருந்திருக்கும்.

"அந்தக் கொழுப்பு மிச்சம் இருக்குடி," என்றாள் கடைசியில். "பாதி ஜாடி."

பந்தெலெய் சிரித்துவிட்டான். அக்ஸீனியா முகமூடிக்குள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"டவுனுக்கு வேன் எப்ப?" என்று ப்ரொஃபீரா கேட்டாள்.

"காலைல மதினி."

"நானும் வர்றேன். துப்பித்தான் பாப்போம்."

பின்னாலிருந்து லியூபா, பனிக்காற்று பிடரியில் பட்டதும், பழக்கதோஷத்தில் கையை நீட்டி ஜன்னல் கதவை இழுத்தாள். ப்ரொஃபீரா பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

"விடுடி. திறந்து கெடக்கட்டும்."

லியூபா கையைத் தடவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பனித்துகள் உள்ளே வந்து பருப்புக் கூடைகளின் மேல் விழுந்தது. முற்றத்தில் நின்ற அக்ஸீனியாவுக்கு அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்ப தலையில துணியையாவது கட்டிக்கிட்டு உக்காருங்கடி," என்று கத்தினாள். "ஊதக்காத்து அடிக்குதுல்ல!"